அந்த 2002 தங்கம்: அனிசினா, பெய்ஸெரா, கூடவே ஒரு பஞ்சாயத்து

15 பிப்ரவரி 2022

வாசகர் ஒருவர் கேட்டது: "நேற்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பாபடாகிஸ்–சிஸெரோன் ஜோடிக்குத் தங்கம். ஐஸ் டான்ஸில் பிரான்ஸுக்கு 20 வருஷம் கழித்துக் கிடைத்தது என்கிறார்கள். ஆனால் அந்த 2002 தங்கம் ஜட்ஜ்களை வளைத்து வாங்கியதுதானே? ரஷ்யாவோடு பேரம், கேஸ், கைது எல்லாம் நடந்ததே. அப்படிப் பார்த்தால் நேர்மையாக வந்த முதல் தங்கம் நேற்றையதுதான். சரியா?"

சரியில்லை. இரண்டு போட்டிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். பேர்ஸ், ஐஸ் டான்ஸ் இரண்டிலும் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஐஸில் ஸ்கேட் செய்வார்கள். பேர்ஸில் குதிப்பதும் எறிவதும் உண்டு, டான்ஸில் கிடையாது.

சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் வெடித்த ஊழல் பேர்ஸ் போட்டியில், 2002 பிப்ரவரி 11 அன்று. ரஷ்ய ஜோடி பெரெஷ்னாயா–சிகாருலிட்ஸே. சிகாருலிட்ஸே டபுள் ஆக்ஸல் என்ற குதியலில் இறங்கும்போது தடுமாறினார். கனடாவின் சாலே–பெல்லெட்டியே சுத்தமாக ஆடினார்கள். 5–4 என்று தங்கம் ரஷ்யாவுக்குப் போனது. அந்த ஐவரில் ஒருவர் பிரெஞ்சு ஜட்ஜ் மரி-ரெய்ன் லெ கூன்யு. தன் நாட்டு சம்மேளனத் தலைவர் திதியே கையாகே நெருக்கினார் என்று முதலில் சொன்னார், பிறகு மாற்றிச் சொன்னார். இருவருக்கும் 3 வருஷத் தடை. கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்து ஆற வைத்தார்கள்.

ஐஸ் டான்ஸ் முடிவானது 18ஆம் தேதி. "பேர்ஸில் நீ எனக்கு, டான்ஸில் நான் உனக்கு" என்று ரஷ்யாவும் பிரான்ஸும் பேசிவைத்தன என்பதுதான் குற்றச்சாட்டு. அதாவது பேரத்தில் கைமாறிய சரக்கு என்று சொல்லப்படுவது இந்த டான்ஸ் தங்கம். அதை வாங்கிய பிரெஞ்சு ஜோடி அனிசினா–பெய்ஸெரா மீது வழக்கே இல்லை. 20 வருஷமாக அவர்கள் பெயரைச் சொன்னால் "ஓ, அந்த ஊழலா" என்பதுதான் பதில். எனக்கு எரிச்சலே அதுதான்.

16 பிப்ரவரி 2022

நேற்று கோபத்தில் பாதியில் விட்டேன். ஆளையே தெரியாமல் தங்கத்தைப் பற்றிப் பேசுவானேன்.

மரினா அனிசினா 1975இல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா வியாச்செஸ்லாவ் அனிசின், சோவியத் ஐஸ் ஹாக்கி அணியில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். அம்மா இரினா செர்னியயேவா, பேர்ஸ் ஸ்கேட்டர், 1972 ஒலிம்பிக்கில் ஆடியவர். தொட்டிலிலிருந்து இறங்கினால் ஐஸ்தான் என்கிற வீடு. இலியா அவெர்புகோடு சேர்ந்து 1990இலும் 1992இலும் உலக ஜூனியர் பட்டம் வாங்கினார். அடுத்தது சீனியர், அதற்கடுத்தது ஒலிம்பிக் என்று பாதை போட்டுவைத்தது மாதிரி இருந்தது.

அவெர்புக் இரினா லோபச்சேவாவைக் காதலித்தார். ஐஸிலும் அவரோடே ஜோடி சேர்ந்துவிட்டார். அனிசினா அந்தரத்தில் நின்றார்.

சிங்கிள்ஸ் ஆடுகிறவர் தனியாகவாவது ஆடலாம். ஐஸ் டான்ஸில் ஜோடி போனால் தொழிலே போச்சு. உயரம் ஒத்துப்போக வேண்டும், முழங்கால் வளையும் விதம் ஒத்துப்போக வேண்டும், அதற்கு மேல் ஒரே வெறி வேண்டும். அனிசினா போட்டி வீடியோக்களைப் போட்டுப் பார்த்து வெளிநாட்டில் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டார்: கனடாவின் விக்டர் க்ராட்ஸ், பிரான்ஸின் க்வெந்தால் பெய்ஸெரா. கடிதம் பெய்ஸெராவுக்குப் போனது. அவருக்கு அப்போது மரினா மொரெல் என்ற ஜோடி இருந்தார், அதனால் கண்டுகொள்ளவில்லை. அந்த ஜோடி பிரிந்த பிறகுதான் கடிதத்துக்கு உயிர் வந்தது. 1993இல் அனிசினா பிரான்ஸின் லியோன் நகரில் வந்து இறங்கினார். வயது 17. 1994இல் பிரெஞ்சுக் குடியுரிமை.

க்ராட்ஸ் பெயரை மட்டும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

16 பிப்ரவரி, இரவு

பெய்ஸெராவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்கிறார் ஒருவர். லியோனை ஒட்டிய ப்ரோனில் 1972இல் பிறந்தவர், உள்ளூர்ப் பையன். நீளமான பொன்னிற முடி. பயிற்சியோடு கல்லூரிப் படிப்பையும் விடாமல் முடித்தார். பின்னாளில், 2010இல், ரோன்-ஆல்ப் பிராந்திய மன்றத்துக்குத் தேர்வாகி அரசியல் பக்கமும் போனார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அவர் இன்னும் "நம்ம க்வெந்தால்"தான். மரினாவை "அந்த ரஷ்யப் பொண்ணு" என்பார். தங்கம் வாங்கிக் கொடுத்தும் அந்தப் பட்டம் போகவில்லை!

17 பிப்ரவரி 2022

ஜோடி கிடைப்பது அவ்வளவு கஷ்டமா என்று ஒரு கேள்வி. என் பெண் கதையைச் சொன்னால் புரியும்.

அவளுக்கு 11 வயதில் ஐஸ் டான்ஸ் பைத்தியம் பிடித்தது. வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சியாளர் நல்ல மனுஷிதான், ஆனால் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பையன் இருந்தால் அழைத்து வாருங்கள், நாளைக்கே ஆரம்பிக்கலாம்." பையனுக்கு நான் எங்கே போவது? கிளப்பில் பெண்கள் நிரம்பி வழிந்தார்கள். பையன்கள் எல்லாம் பக்கத்துப் பலகைக்கு அந்தப்புறம் ஹாக்கி மட்டையோடு. இருந்த ஒருவனுக்கு ஏழெட்டு அம்மாக்கள் சாக்லேட் நீட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் நீட்டினேன், மறைப்பானேன்.

கடைசியில் அவள் 16 பேர் சேர்ந்து ஆடும் சிங்க்ரோ அணியில் சேர்ந்து சந்தோஷமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. அதனால்தானோ என்னவோ, 17 வயதில் வீடியோ பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்து, மொழி தெரியாத ஊருக்குக் கடிதம் போட்ட பெண் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. ஐஸ் டான்ஸில் நாடு மாறுகிறவர்களைப் பணத்துக்குப் போனவர்கள் என்று ஏசுகிறோம். பல பேர் ஆள் கிடைக்கும் இடத்துக்குப் போனவர்கள்.

18 பிப்ரவரி 2022

இன்றோடு அந்த ஆட்டத்துக்குச் சரியாக 20 வருஷம். நான் கல்யாணமாகி லியோனுக்கு வந்த புதிது. இங்கே அப்போது 19ஆம் தேதி விடிகாலை. வீட்டுக்காரர் தூங்கட்டும் என்று டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். யார் என்ன மார்க் போடுகிறார்கள் என்பதே புரியவில்லை. சிவப்பு முடிப் பெண் அந்த ஆளைத் தூக்கியது மட்டும் புரிந்தது.

ஆம், அனிசினாதான் பெய்ஸெராவைத் தூக்குவார். அந்த ஜோடியின் முத்திரையே அதுதான். ஐஸ் டான்ஸில் பேர்ஸ் மாதிரி தலைக்கு மேல் கையை நீட்டித் தூக்கக் கூடாது, பெண்ணை எறியக் கூடாது. யார் யாரைத் தூக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அந்த இடைவெளியில் இவர்கள் நுழைந்தார்கள். தலைகீழ் லிஃப்ட் முதலில் வேடிக்கையாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் அனிசினா முதுகை வளைக்காமல், முழங்காலை மட்டும் மடக்கி, ஓடுகிற எட்ஜ் (பிளேடின் விளிம்பு) பிசகாமல் பெய்ஸெராவைத் தொடைமேல் ஏற்றிக்கொள்கிறார். பெய்ஸெராவும் மூட்டை மாதிரி கிடப்பதில்லை, அந்தரத்தில் நடித்துக்கொண்டிருப்பார்.

லியோன் ஷார்லமான் ரிங்கில் ஒரு முறை வேறொரு டான்ஸ் ஜோடி பயிற்சி செய்வதைப் பலகை ஓரத்தில் நின்று பார்த்தேன். டிவி காட்டாத விஷயம் வேகம். எங்களைத் தாண்டியபோது முகத்தில் குளிர்காற்று அடித்தது. இருவர் பூட்ஸுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தால் அதிகம். டான்ஸ் பிளேடின் பின்பகுதியைக் குட்டையாக வைப்பதே இதற்காகத்தான், இல்லாவிட்டால் ஒருவர் பிளேடை இன்னொருவர் மிதித்துவிடுவார். கர்ர் என்ற சத்தம் வந்தால் எட்ஜ் தட்டை. நல்ல ஜோடி ஓடும்போது ஆழமான, ஒரே சீரான சீறல்தான் கேட்கும்.

19 பிப்ரவரி 2022

முதல் கேள்விக்காரர் விடுவதாயில்லை: "திறமை இருக்கட்டும். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதா இல்லையா?"

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைய ஐஸ் டான்ஸ் ரேஷன் கடை வரிசை மாதிரி. முன்னால் நிற்பவர் வாங்கிவிட்டுப் போனால்தான் நீங்கள் ஓரடி நகரலாம். மொத்த மதிப்பில் 20 சதவீதம் இரண்டு கம்பல்சரி டான்ஸுக்கு (எல்லோருக்கும் ஒரே அடவு), 30 ஒரிஜினல் டான்ஸுக்கு (தாளம் விதித்தது, அடவு சொந்தம்), 50 ஃப்ரீ டான்ஸுக்கு (இசையும் அடவும் சொந்தம்). மார்க் 6.0 வரை. ஆனால் கணக்கில் சேர்வது மார்க் அல்ல, ஜட்ஜ் கொடுக்கும் இடம். 9 பேரில் 5 பேர் உங்களை முதலாவதாக வைத்தால் முடிந்தது கதை. ஏன் அப்படி வைத்தார் என்று யாரும் கேட்க முடியாது. பேர்ஸில் விழுந்தால் ஊரே பார்க்கும். இங்கே குதியல் கிடையாது, எட்ஜ் ஆழமா இல்லையா என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் தில்லுமுல்லு இங்கே தங்கியது.

1998 நகானோ ஒலிம்பிக்கிலேயே கனடா ஜட்ஜ் ஜீன் சென்ஃப்ட், உக்ரைன் ஜட்ஜ் யூரி பால்கோவோடு பேசிய தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்தார். எந்த ஜோடிக்கு எந்த இடம் என்ற பேச்சு, ஐஸ் டான்ஸ் பற்றியதுதான். பதிவு செய்தவருக்கும் சேர்த்துத் தடை போட்டார்கள். அதாவது 2002க்கு நாலு வருஷம் முன்பே எல்லோருக்கும் தெரியும்.

அந்த வரிசையில் நம் ஜோடி எங்கே நின்றது? 1998 நகானோவில் வெண்கலம். முன்னால் இரண்டும் ரஷ்ய ஜோடிகள்: க்ரிஷுக்–பிளாடோவ், கிரிலோவா–ஓவ்ஸியானிகோவ். 1998, 1999 உலகப் போட்டிகளில் வெள்ளி, வெள்ளி. பெரியவர்கள் ஓய்வு பெற்ற பிறகு, 2000இல், நீஸில், சொந்த மண்ணில் உலகப் பட்டம். சரி, இனி இவர்கள் முறை என்று நினைத்தால் 2001 வான்கூவரில் இத்தாலியின் ஃபுஸார்-போலி–மர்காலியோ முந்திவிட்டார்கள். மறுபடி வெள்ளி. 2002 ஜனவரியில் லொசானில் ஐரோப்பியப் பட்டத்தை மீட்டார்கள். ஒரு மாதம் கழித்து சால்ட் லேக்.

ஆக, எங்கோ ஒளிந்திருந்த ஜோடியைத் தூக்கிவந்து தங்கம் கொடுத்த கதை இல்லை இது. இதே வரிசை பல வருஷம் இவர்களுக்குக் குறுக்கே நின்றது, கடைசியில் கைகொடுத்தது. இரண்டும் உண்மை.

19 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

க்ராட்ஸ்! மறந்தேபோனேன்.

சால்ட் லேக் முடிவைப் பாருங்கள். தங்கம் அனிசினா–பெய்ஸெரா. வெள்ளி லோபச்சேவா–அவெர்புக், அதாவது விட்டுப்போன பழைய ஜோடி, எந்தப் பெண்ணுக்காகப் போனாரோ அவரோடு. நாலாவது இடம் போர்ன்–க்ராட்ஸ், அதாவது வீடியோவில் குறித்துவைத்த இன்னொரு பெயர். சினிமாவில் இப்படி எழுதினால் டைரக்டரை அடிக்க வருவோம்.

அவெர்புக்கும் க்ராட்ஸும் பாவம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதம் நகானோ உலகப் போட்டியில் பிரெஞ்சு ஜோடி ஆடவில்லை, பட்டம் லோபச்சேவா–அவெர்புக்குக்கு. 2003 வாஷிங்டனில் போர்ன்–க்ராட்ஸுக்கு, ஐஸ் டான்ஸில் கனடாவின் முதல் உலகப் பட்டம். வரிசை நகர்ந்துகொண்டேதான் இருந்தது.

20 பிப்ரவரி 2022

"வரிசை என்று சும்மா சொல்லாதீர்கள், ஆதாரம்?" என்கிறார் வேறொருவர். சால்ட் லேக்கின் அதே இரவிலேயே இருக்கிறது. ஃப்ரீ டான்ஸில் மர்காலியோ விழுந்தார், இத்தாலிக்கு வெண்கலம். போர்ன் முடிவுக்குச் சற்று முன் விழுந்தார், கனடாவுக்கு நாலாவது. விழாமல் ஆடிய லிதுவேனியாவின் துரோபியாஸ்கோ–வனகாஸ் ஃப்ரீ டான்ஸுக்கு முன்பும் ஐந்தாவது, முடிந்த பிறகும் ஐந்தாவதிலேயே நின்றார்கள். லிதுவேனியா முறையிட்டது, தள்ளுபடி.

அந்த இரவில் யாருக்காவது அநியாயம் நடந்தது என்றால் இந்த இருவருக்குத்தான். தங்கத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் ஒருவரும் இவர்கள் பெயரை எடுப்பதில்லை.

20 பிப்ரவரி, இரவு

கைது விஷயம். அலிம்ஜான் தோக்தாகூனோவ் என்பவரை 2002 ஜூலை கடைசியில் இத்தாலியில் பிடித்தார்கள். அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்னது: பேர்ஸ், டான்ஸ் இரண்டின் முடிவையும் பேரம் பேசி வளைக்க ஏற்பாடு செய்தார். அவர் மறுத்தார். இத்தாலி உச்ச நீதிமன்றம் அமெரிக்காவிடம் ஒப்படைக்க மறுத்தது, ஆள் வெளியே வந்தார். அமெரிக்காவில் விசாரணை நடக்கவேயில்லை. அனிசினா தனக்குச் சம்பந்தமில்லை என்றார். நிரூபணமாகாததை நிரூபணமானது போல எழுத மாட்டேன். பேரம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேரமே இல்லாவிட்டாலும் இந்தத் தங்கம் இவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் என் கட்சி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1976இல் ஐஸ் டான்ஸ் ஒலிம்பிக்குக்கு வந்ததிலிருந்து 1998 வரை 7 தங்கம். 1984இல் பிரிட்டனின் டோர்வில்–டீன் வாங்கியது தவிர ஆறும் சோவியத், ரஷ்யப் பக்கம், 1992இல் ஒருங்கிணைந்த அணி என்ற பெயரில். அப்படிக் கட்டிக்காத்த கோட்டையை பேர்ஸ் தங்கத்துக்காகத் தானாகவே திறந்துவிட்டார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். முடியாதது என்று சொல்லவில்லை. யோசியுங்கள்.

27 பிப்ரவரி 2022

இந்த இழையை எழுத ஆரம்பித்ததிலிருந்து பழைய வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2002 ஃப்ரீ டான்ஸ், சுதந்திரம் என்பது கரு, மார்ட்டின் லூதர் கிங் பேச்சு பின்னணியில் ஒலிக்கும். விடிகாலையில் பார்த்தபோது புல்லரித்தது. இப்போது கொஞ்சம் பாரமாக இருக்கிறது. அமெரிக்க மண்ணில், செப்டம்பர் 11 முடிந்து சில மாதங்களில், அந்தக் குரலைப் போட்டால் யார்தான் கை தட்ட மாட்டார்கள்? கால் வேலையைக் குரல் மூடிவிடுகிறது.

நீஸ் 2000 அப்படியில்லை. அதில் இருவரும் ஒருவரை ஒருவர் விழுங்கப் போகிறவர்கள் போல ஆடுகிறார்கள். "நிஜத்திலும் காதலர்களா?" என்று ஒருவர் கேட்டதற்குப் பதில்: இல்லை, நிஜத்தில் காதலர்கள் இல்லை. அனிசினா 2008இல் ரஷ்ய நடிகர் நிகிதா ஜிகுர்தாவை மணந்தார். பயிற்சியில் இருவருக்கும் சண்டை பிரசித்தம். காதல் இல்லாமலே அப்படிப் பார்க்க முடிகிறதே, அதுதான் தொழில்.

சோச்சி ஒலிம்பிக்குக்குத் திரும்புவோம் என்று 2013இல் அறிவித்தார்கள், பிறகு கைவிட்டார்கள். நல்லவேளை. புது விதிமுறையில் தலைகீழ் லிஃப்டுக்கு ஒரு மதிப்பெண் போட்டு, இத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து அளந்திருப்பார்கள்.

6 மார்ச் 2022

"புது முறை வந்ததால் எல்லாம் சுத்தமாகிவிட்டதா?" என்ற கேள்வி பல நாளாகக் காத்திருக்கிறது.

2004இல் 6.0 போனது. இப்போது ஒவ்வொரு அம்சத்துக்கும் அடிப்படை மதிப்பு, அதன் மேல் தரத்துக்குக் கூட்டல் கழித்தல், தனியாக ஆட்ட நேர்த்திக்கு மதிப்பெண். கம்பல்சரி டான்ஸ் 2010இல் ஒழிந்தது. பலன் இருக்கிறது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், முதல் சுற்றான குறு நடனம் தொடங்கியதுமே பாபடாகிஸின் கழுத்துக் கொக்கி கழன்று உடை நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டே முழு ஆட்டமும் ஆடினார். மறுநாள் ஃப்ரீ டான்ஸில் சாதனை மதிப்பெண் எடுத்தும் கனடாவின் விர்ச்சு–மோயரிடம் 0.79 வித்தியாசத்தில் தங்கம் போனது. பழைய முறையில் "இரண்டாவது" என்று ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும். இப்போது எங்கே எவ்வளவு போனது என்று தாளைப் பார்த்துத் திட்டலாம். அதுவே பெரிய முன்னேற்றம்.

வரிசை மனப்பான்மை போய்விட்டதா? 2014 உலகப் போட்டியில் 13ஆவதாக வந்த பாபடாகிஸ்–சிஸெரோன் 2015 ஷாங்காயில் உலக சாம்பியன். அனிசினா காலத்தில் 13இலிருந்து 1க்கு வர முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் விலகிப்போயிருக்க வேண்டும்.

8 மார்ச் 2022

விட்டுப்போன கண்ணி ஒன்று. பெய்ஸெராவையும் அனிசினாவையும் லியோனில் வளர்த்தவர் மூரியேல் ஸாஸூயி. 2008 உலகப் பட்டம் வாங்கிய தெலோபெல்–ஷோன்ஃபெல்டரும் அவர் கையில் வளர்ந்தவர்கள்தான். கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து 2012இல் கிளம்பிய பாபடாகிஸும் சிஸெரோனும் முதலில் வந்து சேர்ந்தது லியோனில் அவரிடமும் ரோமென் ஆகெனோவரிடமும். 2014இல் ஆகெனோவர் மொன்ரியால் போனபோது அவர்களும் கூடவே போனார்கள். ஆகவே "2002 வேறு, 2022 வேறு, அது கறை, இது சுத்தம்" என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஒரே பட்டறை.

27 மார்ச் 2022

நேற்று மோன்பெலியேயில் பாபடாகிஸ்–சிஸெரோனுக்கு ஐந்தாவது உலகப் பட்டம், 229.82, உலக சாதனை. ரஷ்யர்கள் இல்லை, உக்ரைன் போரினால் தடை. அதனால் சாதனை சின்னதாகிவிட்டது என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். பெய்ஜிங்கில் ரஷ்ய ஜோடியை வைத்துக்கொண்டே 6 புள்ளிக்கு மேல் ஜெயித்தார்களே ஐயா. அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

முதல் கேள்விக்காரர், எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறார். நகானோ 1998 முதலில், சத்தத்தை நிறுத்திவிட்டு, கால்களை மட்டும் பாருங்கள். பிறகு நீஸ் 2000. சால்ட் லேக்கைக் கடைசியில் வையுங்கள். அன்றைக்கு லிதுவேனியா ஜோடி ஆடியதையும் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.